கப்பலேறிப் போன மழைப்பாட்டு

இந்த ரப்பர் தோட்டத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை பெய்யும். நேற்றும் பெய்தது, இன்றும் பெய்கிறது, நாளைக்கும் பெய்யும். யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் வந்த புதிதில் தகரக் கூரையில் முதல் துளி விழுந்த உடனே எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். கறுத்திருப்பது மேற்கா தெற்கா, காற்று எந்தப் பக்கம், எறும்பு என்ன செய்கிறது என்று சுற்றிச்சுற்றிப் பார்ப்பேன். மண்டோர், அதாவது வேலையாட்களுக்கு மேலாள், வயிறு குலுங்கச் சிரிப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "என்ன கிராணியாரே, மழையப் பாத்தா இவ்வளவு பயமா?" என்று கேட்பார். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்காருவேன். உண்மையில் எனக்குப் பயம்தான். எங்கள் ஊர் மழை மாதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். பங்குனியில் வந்தால் கோடை மழை, வைகாசிக் கடைசியில் வந்தால் சாரல், ஐப்பசியில் வந்தால் அடைமழை. இந்த மழை ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டுப் போகிறது. இதையே நம்பிக்கொண்டிருந்தால் ஒருநாள் எனக்கு மாதம் மறந்துபோகும் என்று நினைத்தேன். நினைத்தபடியே நடந்தது.

நாஞ்சில் நாட்டு நண்பர்களே, என்னைப்போல் பினாங்குக் கப்பலேறி வந்து இந்தப் பேராக் காடுகளில் கிடப்பவர்களே, நான் பெருமைக்காக இதை எழுதவில்லை. என்னுடைய ஆறு வரிப் பாட்டு ஒன்று ஒரு ஏலா முழுவதையும் பட்டினி போடப் பார்த்தது. ஏலா என்றால் வரப்போடு வரப்பு ஒட்டிக் கிடக்கும் வயல்வெளி என்று மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஏலா தக்கலைக்குக் கிழக்கே, பத்மநாபபுரம் கோட்டையைத் தாண்டி இருக்கிறது. அதில் பத்து மரக்கால் விதை பிடிக்கும் வயலை நான் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தேன். விளைச்சலைப் பூ என்றுதான் நாங்கள் சொல்வோம். புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. கும்பப்பூவுக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்துவிடும், பயமில்லை. கன்னிப்பூவில்தான் உயிர் போகும். கால்வாய் அடைத்துக் கிடக்கும் காலத்தில், புழுதியாக உழுது போட்ட வயலில், கோடை மழையை மட்டும் நம்பிக் காய்ந்த விதையை எறிய வேண்டும். பொடிவிதை என்று பெயர். மழை தொடர்ந்தால் முளை பிழைக்கும். ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டால் முளை வெந்துபோகும், கையில் வேறு விதைநெல் இருக்காது. ஒருவர் மட்டும் தனியாக விதைக்கவும் முடியாது. ஆடுமாடுகள் தின்றுவிடும். ஏலாவில் முதல் விதை விழுந்த அன்றைக்கே எல்லாரும் விதைத்து, எல்லாரும் மாட்டைக் கட்டிப்போட வேண்டும். முதல் விதையை யார் போடுவது என்பதுதான் சிக்கல்.

மற்றவர்கள் நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள். நாங்கள் வேதக்கோயில்காரர்கள். நட்சத்திரம் பார்த்து விதைத்தால் போதகர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெயர் சொல்லாமலே நாறடித்துவிடுவார். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்துகொண்டு அறுப்பின் பண்டிகைக்கு வருடாவருடம் பாட்டு எழுதிக் கொடுக்கிறவன் நான், எனக்குப் பாட்டு வரும். விதைக்கலாம் என்று எனக்குத் தோன்றும் காலையில் வரப்பில் நின்று ஒரு மழைப்பாட்டுப் பாடுவேன். கொன்றை பூத்தது, எறும்பு முட்டை சுமந்தது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நின்றது என்று கண்ணில் பட்டதையெல்லாம் கோத்துப் பாடுவேன். என் மனைவி பாக்கியம் அதைக் கேட்ட உடனே விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். நாளை விதைக்கலாமா என்று அவள் கேட்டதில்லை, விதைக்கலாம் என்று நான் சொன்னதும் இல்லை. கல்யாணமான புதிதில் விளையாட்டாகத் தொடங்கியது, நாலைந்து வருடத்தில் ஏலாவுக்கே வழக்கமாகிவிட்டது. பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்களும் என் பாட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அய்யாவழிக்காரர் ஒருவர் மட்டும், "வாத்தியாரே, ஒம்ம பாட்டுல மழை பெய்யலேண்ணா ஒம்ம வீட்டுக்குத்தான் சோத்துக்கு வருவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அப்போதெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ஆள் குறைத்தபோது என்னைத்தான் முதலில் குறைத்தார்கள். ஒரு ஐப்பசியில் கும்பப்பூ நடவு முடிந்த கையோடு கப்பலேறினேன். வயலைப் பாக்கியமும் அவள் தம்பி தேவசகாயமும் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியத்துக்கு எழுத்து தெரியாது. தேவசகாயம்தான் என் கடிதத்தைப் படித்துக் காட்டுவான், அவள் சொல்லச் சொல்லப் பதிலையும் எழுதுவான்.

இங்கே விடியலுக்கு முன்னால் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அது முடிந்ததும் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், காட்டுக்குள் போய்விடுவார்கள், பிறகு பால் எடை போடுவது, எழுதுவது. ஒருநாள் தோட்டத்து எல்லையில் இருக்கும் மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், சின்னதாக ஒரு நெல் வயலைப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய் வரப்பில் நின்றேன். பாக் மாட் என்ற வயதானவர் அங்கே இருந்தார். எனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொற்களை வைத்து, இங்கே விதைப்புக்கு எது முசிம், எது மழைக்காலம் என்று கேட்டேன். முசிம் என்றால் பருவம். அவர் முகம் மலர்ந்து, "முசிம் துரியான்! முசிம் துரியான்!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, துரியான் என்கிற முள்ளுப்பழம் ஒன்றைப் பிளந்து தந்தார். நான் பசியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த நாற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று சுளை தின்றேன். விதைப்புக் காலத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே திரும்பினேன்.

அன்று மழை கொட்டியது. என்னவோ தெரியவில்லை, அந்த வரப்பை மிதித்துவிட்டு வந்ததாலோ என்னவோ, மனம் தாங்கவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவன் சுகசெய்தி நாலு வரியோடு நிறுத்திவிட்டு இப்படி எழுதினேன்:

மேற்கு மலைமேலே மேகம் கறுத்தது
மேழி பிடித்தகை பரபரக்குது
நேற்று வெடித்த வரப்பின் வாயெல்லாம்
நீர்குடித்து மெல்ல மூடுது
கூட்டில் இருக்கும் விதையும் விழித்தது
கூடை எடுத்துவா கண்மணி.

எழுதி முடித்தபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது. நல்ல பாட்டு என்றுதான் நினைத்தேன். மறுநாள் தபாலில் போட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும், தேவசகாயத்தின் கடிதம் வந்தது. என் கடிதத்துக்குப் பதில் அல்ல, வழியில் எங்கேயோ கடலில் ஒன்றையொன்று தாண்டி வந்தது. அதில் பாக்கியம் சொன்னதாக ஒரு வரி: "கும்பப்பூ அறுத்தாச்சு. விதநெல்லக் காயவச்சுக் கெட்டி வச்சிருக்கேன். அத்தான் பாட்டு ஒண்ணும் எழுதேல்லயாண்ணு ஏலாவுல கேக்காவ."

அதைப் படித்தபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. நான் அனுப்பியது விதைப்புப் பாட்டு. நான் பாடினால் அவள் இறங்குவாள், அவள் இறங்கினால் ஏலா இறங்கும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் எழுதியது மாசிக் கடைசி. இருபது நாள் கழித்துப் பங்குனி நடுவில் போய்ச் சேரும். சித்திரை பிறக்காமல் எங்கள் ஏலாவில் யாரும் விதை போடமாட்டார்கள். பங்குனியில் ஒரு மழை வந்து ஏமாற்றும், பிறகு மண் பாளம் பாளமாக வெடிக்கும். நான் பாடியது எங்கள் ஊர் மழையை அல்ல, பேராக்கில் தினமும் மத்தியானம் பெய்கிற மழையை. அதற்கு மேற்கு மலையையும் வரப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பாட்டுக்கு அழகாக இருந்தது. ஆறு வீட்டு விதைநெல் அதற்கு இரையாகப் போகிறது. ஒரு பூ தவறினாலும் நிலத்துக்காரர் வேறு ஆளை இறக்கிவிடுவார். என் இரண்டு பெண்பிள்ளைகளின் முகம் கண்ணில் வந்து நின்றது. அன்று பாலின் எடையை இரண்டு தடவை தப்பாக எழுதினேன்.

தந்தி கொடுக்கலாம் என்று டவுனுக்குப் போனேன். தந்தி ஆபீசில் ஒரு இளம் சீனர். ஆங்கிலத்தில் கேட்டார், நானும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யார் செத்தது என்றார். யாரும் சாகவில்லை என்றேன். அப்படியானால் குழந்தையா என்றார். இல்லை, விதைக்க வேண்டாம், அந்த மழை பொய் என்று மட்டும் அனுப்ப வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விதை என்றால் எந்தச் சரக்கு, மழை என்றால் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டார். வியாபாரிகள் அனுப்பும் மறைவுச் செய்தி என்று நினைத்துவிட்டார். நெல், வயல், மனைவி என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் இறுகியது, உள்ளே போய்ப் பெரியவரைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தார். பெரியவர் வந்து, போலீஸ் வந்து, துரைக்குத் தெரிந்து வேலை போய்விட்டால்? தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். எங்கள் தெருவில் ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. காக்கிச் சட்டைக்காரர் தெருமுனையில் இறங்கியபோதே அந்த வீட்டில் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் இருந்தது. அதற்குள் பெற்றவள் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவுதான். பாக்கியம் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்க்கும் நேரத்தை என்னால் நினைக்க முடியவில்லை. தந்தி கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். கடைசியில் கோழையாய் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்தே போட்டேன்.

அதற்குப் பிறகு ஐம்பது நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வீட்டுக் கடிதம் வருகிற நாளில் தபால் பையை அவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். கடைசியில் அது வந்தது. மழை பெய்ததாம். பங்குனியில் பிடித்த மழை விட்டுவிட்டு, ஆனால் நிற்காமல், சித்திரை பிறந்த பிறகும் பெய்ததாம். ஏலாவில் முன்னே விதைத்தது நாங்கள்தானாம், முளை ஒரு சாண் நிற்கிறதாம். தேவசகாயம் தன் பங்குக்கு எழுதியிருந்தான்: "அத்தான், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து மழைய அறிஞ்சு எழுதினிய. ஏலாவுல ஒங்களப் பத்தித்தான் பேச்சு. பொறவு ஒரு காயிதம் வந்துது, விதைக்காண்டாம்ணு. அத யாரும் வெலவச்சேல்ல."

நான் முழங்கால் படியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். உண்மையைச் சொல்லவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? அந்த வருடம் முழுவதும் நான் அந்த மழையின் சொந்தக்காரனாகவே இருந்துவிட்டேன். கும்பப்பூ நடவுக்கு ஒரு பாட்டு, கதிருக்கு ஒரு பாட்டு என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். கால்வாய்த் தண்ணீர் இருந்ததால் அவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் மட்டும் ஒரு முள் கிடந்தது.

மறு வருடம் பங்குனி பாதியானபோது அந்த முள் குத்திவிட்டது. தேவசகாயம் எழுதினான்: "விதநெல்லு கெட்டி வச்சாச்சு. இந்த வருசம் நட்சத்திரம் பாக்குறவங்ககூட பாக்கேல்ல. அத்தானுக்க பாட்டு வந்தாத்தான் எறக்குவோம்ணு சொல்லுகாவ. சீக்கிரம் அனுப்புங்க."

போன வருடம் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. நான் பாட்டு எழுதினால் அது போய்ச் சேரும் நாளில் மழை உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எழுதாவிட்டால் நல்ல மழை வந்தாலும் பாட்டு வரவில்லையே என்று காத்திருந்து பருவத்தை விட்டுவிடுவார்கள். ஒரு ஏலாவின் விதைப்புக் காலம், பருவமே இல்லாத காட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தாவின் பேனாவில் வந்து நிற்கிறது. அன்றைக்கே எழுதினேன். போன வருடம் எழுதியது எங்கள் ஊர் மழை அல்ல, இந்த ஊர் மழை, அங்கே பெய்தது கர்த்தருடைய கிருபை, என்னை நம்பாதீர்கள், வானத்தைப் பாருங்கள் என்று எழுதினேன். இதை ஏலாவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்று தேவசகாயத்துக்குத் தனியாக எழுதினேன். எழுதும்போது மானம் போனது. அந்த வயலில் எனக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பாட்டுதான், அதையும் என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன்.

அனுப்பிவிட்டு மறுபடியும் காத்திருப்பு. அந்த நாட்களில்தான் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. வருடத்துக்கு ஒருமுறை உதிர்ப்பதுதான். போன வருடமும் உதிர்த்திருக்கும், அப்போது நான் இருந்த இருப்பில் கண்ணில் படவில்லை. காலடியில் சருகு நொறுங்க நடந்தேன். மழைகூட அந்த வாரங்களில் குறைந்திருந்தது. பயத்தில் கை சும்மா இருக்கமாட்டாமல் நாலு வரி எழுதி அடுத்த கடிதத்தில் வைத்தேன்:

இலையெல்லாம் உதிர்ந்தபின் இந்தக் காட்டிலும் வெயில்
கிளையெல்லாம் வானத்தில் வேர்விட்டு நிற்குது
விதைப்பாரும் இல்லை அறுப்பாரும் இல்லை
வெள்ளைப்பால் வடிகின்ற மரமன்றி வேறில்லை.

இது விதைப்புப் பாட்டு அல்ல, இந்த ஊர்க் காட்டைப் பற்றியது என்று மேலே பெரிதாக எழுதிவைத்தேன்.

பதில் போன வாரம் வந்தது. இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில், பாக்கியம் சொன்னதைத் தேவசகாயம் ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதியிருக்கிறான். இதோ:

"ஒங்க காயிதம் வாறதுக்கு முந்தியே மழை வந்துட்டு. ஒரு மழை. பாட்டு வரேல்லயேண்ணு எல்லாரும் வரப்புல நிக்காவ. சிலபேரு இப்பமே எறக்கணும்ணு துள்ளினாவ. எனக்குப் பேடியாட்டு இருந்துது. மண்ணக் கையில எடுத்துப் பாத்தேன், மேல மட்டுந்தான் நனைஞ்சிருக்கு. நான் சொன்னா யாரு கேப்பா? அதனால பாட்டு வந்தாச்சுண்ணு சொல்லிட்டேன். நீங்க எழுதினதுண்ணு சொல்லி நானே பாடினேன். எறும்பு முட்டைய எடுத்து மேல ஏறுது, எருமைக்க மூக்குல ஈரம் தெரியுது, இன்னும் நாலுநாளு பொறுங்க மக்களே, ரெண்டாம் மழைக்குத்தான் வித எறங்கும். இவ்வளவுதான் எனக்கு வந்துது. எல்லாரும் பொறுத்தாவ. அஞ்சாம் நாளு நல்ல மழை. எறக்கியாச்சு, மொளச்சாச்சு. பொறவுதான் ஒங்க காயிதம் வந்துது. உரக்கப் படிக்கணும்ணு எழுதியிருந்திய. தம்பி எனக்கு மட்டும் படிச்சான், நான் அத அடுப்புல போட்டேன். நான் செய்தது பாவந்தான், கர்த்தர் மன்னிப்பாரு. அடுத்த வருசமும் பாட்டு ஒங்க பேர்லதான் வரும், நான் இங்க பாத்துக்கிடுதேன். நீங்க இனி மழை எழுதாண்டாம். அங்க உள்ளத எழுதுங்க. எலப் பாட்டு நல்லாருந்துது. தம்பி படிக்கையில சின்னவ மடியில இருந்து கேட்டா. அப்பாக்க ஊர்ல எல எப்பம்மா துளிர்க்கும்ணு கேக்கா. அறிஞ்சு எழுதுங்க."

அந்தக் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். ஏலா தப்பியது, வயல் தப்பியது, என் மானத்தைக்கூட அவள் அடுப்பில் போட்டுக் காப்பாற்றிவிட்டாள். அவளுடைய நாலு வரிக்கு முன்னால் நான் இத்தனை வருடம் எழுதியதெல்லாம் வெறும் சத்தம் என்றும் தெரிந்துவிட்டது. அதற்காக வருத்தம் இல்லை, சத்தியமாகச் சந்தோஷந்தான். ஆனால் கடைசியில் சின்னவள் கேட்ட 'அப்பாக்க ஊர்' என்ற சொல்லுக்கு வரும்போதெல்லாம் பழைய பயம் திரும்ப வந்துவிடுகிறது.

நேற்றுப் பெரட்டு முடிந்ததும் மரங்களுக்கு நடுவே போய் அண்ணாந்து பார்த்தேன். கிளை நுனியில் செம்புநிறத்தில் குஞ்சு இலைகள் வந்திருக்கின்றன. துளிர்த்துவிட்டது மக்கா என்று சின்னவளுக்கு எழுதிவிட்டேன். இது அப்பாவுடைய ஊர் இல்லை என்று அதற்கு அடுத்த வரியை எழுத வேண்டும். காலையிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுதக் கை வரவில்லை.